நாலு விரல் நகம்

வேண்டாம் டீச்சர், இங்கன வாசிச்சுப் பாக்க வேண்டாம். கோவிச்சுக்கிடாதிய. உறையத் திறந்து பாருங்க, திருப்பிப் பாருங்க, கம்பிய எண்ணிப் பாருங்க, ஆறும் இருக்கு. விரல் மட்டும் படக்கூடாது. சத்தம் உள்ள கேட்டுரும். மணி பன்னெண்டரை ஆவுது. ஒரு மணிக்கு எங்க வீட்டம்மாவுக்குச் சாப்பாடு. இந்தக் கம்பிச் சத்தம் காதுல விழுந்துச்சுன்னா அவ வாயத் திறக்க மாட்டா. இன்னைக்கு முழுக்கத் திறக்க மாட்டா.

உக்காருங்க. அந்த நாற்காலியில ஒரு கால் ஆடும், இதுல உக்காருங்க. நல்ல கிட்டார ஏன் சும்மா குடுக்கியன்னு கேட்டிய பாருங்க, அதுக்குப் பதில் சொல்லாம உங்கள அனுப்பக்கூடாது. நீங்க ஸ்கூல் பிள்ளைகளுக்குன்னு கேட்டு வந்திருக்கிய. ஏதோ பழுதுன்னு நினைச்சிருவிய. கிட்டார்ல ஒரு பழுதும் கிடையாது. பழுது எங்கிட்ட.

நான் தாலுகா ஆபீஸ்ல சர்வேயரா இருந்தவன், முப்பத்தாறு வருஷம். ஆசீர்னா பாளையங்கோட்டையில பாதிப் பேருக்குத் தெரியும். சங்கிலி பிடிச்சு அளந்த காலத்துல இருந்து மெஷின் வச்சு அளக்கிற காலம் வரைக்கும் பாத்தாச்சு. அளவுல தப்புன்னு எவனும் எம்மேல சொன்னது கிடையாது. பெருமைக்குச் சொல்லல. இல்ல, பெருமைக்குத்தான் சொல்லுதேன், இனிமே மறைச்சு என்ன ஆவப்போவுது.

உள்ள படுத்திருக்கது பியூலா. ஆஸ்பத்திரியில சிஸ்டரா இருந்தவ. நகம் வெட்டாத பிள்ளைய வார்டுக்குள்ள பாத்தான்னா, தாய்க்காரிய நிக்க வச்சுத் திட்டிட்டுத்தான் ஊசி போடுவா. போன வருஷம் தை மாசம், காலையில பல் தேய்ச்சுக்கிட்டு இருக்கையில பிரஷ் கையவிட்டு விழுந்துச்சு. குனிஞ்சு எடுக்கப் பாத்தா, அப்படியே சரிஞ்சுட்டா. வலது பக்கம் பூராப் போச்சு. பேச்சும் போச்சு. காது கேக்கும், நாம சொல்லுதது எல்லாம் விளங்கும், இடது கை நல்லா இருக்கு. வார்த்தை மட்டும் வராது. எத்தனை பேரை அதட்டுன வாய் தெரியுமா டீச்சர் அது.

டாக்டர் ஸ்பூன்ல குடுக்கச் சொன்னாவ, குழைய வடிச்சு. வீட்டுக்கு வந்த ரெண்டு நாளா ஸ்பூனக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கிடுதா. மூணாம் நாள் நான் பருப்புஞ்சோறு நெய் விட்டுப் பிசைஞ்சு, கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி, கையால குடுத்தேன். வாங்கிட்டா. இடது பக்கமா ஒதுக்கி மென்னு முழுங்குனா. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. போன் பண்ணி பூனாவுல இருக்க மகள்ட்ட சொன்னேன், பாஸ்டர் ஐயாட்ட சொன்னேன், பால்காரன்ட்டகூடி சொன்னேன். எம் பொண்டாட்டி என் கையால சாப்பிட்டான்னு.

அதுக்கப்புறம் அதுவே வழக்கமாப் போச்சு. காலையில மாரிக்கனி வருவா, வீட்டு வேலையும் அவளப் பாத்துக்கிடுததும் அவ பொறுப்பு. அவ இட்லியப் பால்ல ஊறப்போட்டு ஸ்பூன்ல குடுத்துருவா. பொறவு ஸ்பூனுக்கும் பழகிட்டா. மத்தியானம் மட்டும் என் கை. என் கையால அவ ஒரு நாள் முப்பத்திரெண்டு உருண்டை சாப்பிட்டா. எண்ணுவேன் டீச்சர், எனக்கு எண்ணாம முடியாது.

இப்ப கிட்டாருக்கு வாரேன்.

இது மக ஷைனியோடது. காலேஜ் படிக்கையில ஆசப்பட்டு வாங்குனா, ரெண்டு மாசம் டொய்ங் டொய்ங்னு தட்டிட்டு அலமாரி மேல ஏத்திட்டா. கைகால் பயிற்சி குடுக்க வார தம்பி ஒரு நாள் சொன்னாரு, "பாட்டு கேக்க வையுங்க ஸார், அவங்களுக்கு நல்லது"ன்னு. ரேடியோவப் போட்டுருக்கலாம். போனுல போட்டுருக்கலாம். நான் ஸ்டூலப் போட்டு ஏறி இத இறக்குனேன். பியூலாவுக்காகத்தான் இறக்குனேன்னு எல்லார்ட்டயும் சொன்னேன். அதுல பாதி நெசம். மீதி என்னன்னா, ரிட்டயர் ஆயி ரெண்டு வருஷமா என்னை எவனும் ஒண்ணும் கேக்கல. ஒரு பட்டா சந்தேகம்னுகூடி எவனும் வாசப்படி ஏறல. அறுபது வயசுல ஒருத்தன் கிட்டார் வாசிக்கான்னா நாலு பேரு திரும்பிப் பாப்பான்லா.

யூடியூப்ல ஒரு பொண்ணு சொல்லிக்குடுக்கும், தமிழ்லயே. சிரிச்ச முகம். சும்மா மொத்தமாத் தட்டுதது இல்ல, விரலால ஒவ்வொரு கம்பியாக் கிள்ளி வாசிக்கிறது. பெருவிரலுக்கு, மேல இருக்க மூணு தடிச்ச கம்பி. ஆள்காட்டி விரலுக்கு ஒண்ணு, நடுவிரலுக்கு ஒண்ணு, மோதிர விரலுக்கு ஒண்ணு. சுண்டுவிரலுக்கு வேலை கிடையாது. பெருவிரல் டும் டும்னு ஒரே சீரா நடந்துக்கிட்டே இருக்கணும், மத்த மூணு விரலும் அதுக்கு மேல பாட்டப் பாடணும். கேக்க லேசா இருக்கும். பெருவிரல் ஒரு பக்கம் போகையில மத்த விரலும் பின்னாலயே ஓடிரும். எத்தனை தடவை இந்தக் கிட்டாரத் திட்டியிருக்கேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம், அந்தக் கதைதான்.

ஷைனி போன்ல சிரிப்பா. "அஞ்சுல வளையாதது அறுபதுல வளையுமாப்பா?"ம்பா. வளைச்சுக் காட்டுதேன் பாருன்னு வீராப்பு. காலையில ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். ரெண்டு மாசத்துல இடது கை விரல் நுனியெல்லாம் காய்ச்சுப் போச்சு, தோல் தடிச்சு, சூடு தெரியாது. மூணாவது மாசம் பெருவிரல் தனியா நடக்கப் படிச்சிட்டு. அந்த நாளக்கி எனக்கு இருந்த சந்தோசம் இருக்கே, முத முதல்ல சம்பளம் வாங்குன அன்னைக்கும் அப்படி இல்ல. உள்ள போயி பியூலா கட்டில் பக்கத்துல உக்காந்து வாசிச்சேன். எங்க கல்யாணத்துல கொயர் பாடுன பாட்டு. அவ கண்ண மூடிக் கேட்டா. உதட்டோரம் லேசா இழுத்துச்சு. சிரிச்சா டீச்சர். அது நெசமாவே சிரிப்புத்தான், அத மட்டும் நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

அதோட நிறுத்தியிருக்கலாம்.

அந்த யூடியூப் பொண்ணு அடுத்தாப்புல சொல்லிச்சு, "சதையால கிள்ளினா சத்தம் மந்தமா இருக்கும். வலது கையில நகம் வளருங்க, சத்தம் கணீர்னு வரும். இடது கையில ஒட்ட வெட்டிருங்க"ன்னு. நான் அந்தப் பிள்ளையக் குத்தம் சொல்லல. ஆனா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? நம்ம ஊர்ல வலது கையாலதான் சோறு திங்கான்னு அந்தப் பிள்ளைக்குத் தெரியாதா? தமிழ்ப் பிள்ளைதானே?

சரி, அத விடுங்க. அந்தப் பிள்ளை என் வீட்டுக்கு வந்து பாக்கலையே.

நகம் வளத்தேன். சும்மா வளக்கல. நாலு விரல்லயும் சதைக்கு மேல மூணு மில்லிமீட்டர். என் பழைய ஸ்டீல் ஸ்கேல வச்சு வாரம் ரெண்டு நாள் அளப்பேன். ஒரு ஓரம் சாய்வா அரத்தால ராவி, பொடி உப்புத்தாள்ல தேய்ப்பேன். தேங்கா உடைக்க மாட்டேன், பூட்டத் திறக்க மாட்டேன், பாத்திரத்துல கை வைக்க மாட்டேன். நகம் போயிரும்லா. மாரிக்கனி வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்பா. "ஐயாவுக்கு மருதாணி அரைச்சுத் தரட்டுமா?"ம்பா. நான் சாப்பிடுகையில நகத்துக்குள்ள சோறு போயி அடைஞ்சுக்கிடும், குழம்பு காஞ்சு மஞ்சளாத் தெரியும். குச்சி வச்சு நோண்டிக் கழுவிருவேன். சுத்தத்துல குறை கிடையாது டீச்சர். சோப்பு போட்டுக் கழுவாம ஒரு நாள்கூடி அவளுக்கு ஊட்டுனது இல்ல.

சத்தம் மாறிப்போச்சு. கண்ணாடியத் தட்டுன மாதிரி வந்துச்சு. எனக்கே கை சிலுத்துச்சு. இனிமே மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால தினமும் ஒரு பாட்டுன்னு வச்சுக்கிட்டேன். பாட்டு, உடனே சோறு. அப்பதான் அவளுக்கு மனசு குளுந்து நல்லா இறங்கும்னு என் கணக்கு.

ரெண்டு வாரத்துல அவ சாப்பாட்டக் குறைச்சிட்டா. முப்பது உருண்டை இருபதாச்சு, இருபது பத்தாச்சு. வாயத் திறக்க மாட்டேங்கா. பல்லக் கடிச்சுக்கிடுதா. ரசஞ்சோறு குடுத்தா கண்ணுல இருந்து பொல பொலன்னு தண்ணி. நான் என்ன நினைச்சேன்? பாட்டு கேட்டு அழுதான்னு நினைச்சேன். அந்தக் கல்யாணப் பாட்டு அவளக் கலக்கிருச்சுன்னு நினைச்சேன். அப்படியும் ஒரு மடையன் இருப்பானா டீச்சர்? இருந்தேன்.

இன்னும் கேளுங்க. நான் வாசிச்சு முடிச்ச உடனே, சோத்துத் தட்ட எடுக்கதுக்கு முன்னால, அவ இடது கைய நீட்டி என் வலது கையப் பிடிப்பா. பிடிச்சு, ஒவ்வொரு விரலாத் தொடுவா. நகத்து மேல அவ விரல வச்சு அமுக்குவா. என் மூஞ்சியப் பாப்பா. பொறவு தலைய ஆட்டுவா. நான், "என்ன பியூலா, இன்னொரு தடவை வாசிக்கணுமா?"ன்னு கேப்பேன். அவ கண்ண மூடிக்கிடுவா. சரின்னு திரும்ப வாசிப்பேன். திரும்பவும் கையப் பிடிப்பா. திரும்பவும் வாசிப்பேன்.

இத நான் ஊரெல்லாம் சொன்னேன். "எங்க வீட்டம்மா பேச்சு போனாலும் ரசனை போகல, விரலத் தொட்டுப் பாட்டு கேக்கா"ன்னு. ஷைனி வீடியோ கால்ல ஒரு நாள் இதப் பாத்துட்டு, "அப்பா, அம்மா உங்க நகத்த வெட்டச் சொல்லுதாவளோ என்னமோ"ன்னா. "ஒனக்கு என்னட்டி தெரியும், நீ ரெண்டு மாசத்துல மூட்டை கட்டுனவதானே"ன்னு வாய அடைச்சிட்டேன்.

இதுக்குள்ள இன்னொரு கூத்து நடந்துச்சு. காலையில மாரிக்கனி ஸ்பூன்ல குடுத்தா மடக்கு மடக்குன்னு சாப்பிடுதா. மத்தியானம் எங்கையில மட்டும் வாங்க மாட்டேங்கா. எனக்கு வயித்தெரிச்சல். கட்டுன புருசன் நான், உருட்டி உருட்டிக் குடுக்கேன், நேத்து வந்தவ ஸ்பூனுக்குத் திறக்கிற வாய் எனக்குத் திறக்கலன்னா எப்படி இருக்கும்? மாரிக்கனிதான் அவ மனசக் கலைக்கான்னு முடிவு பண்ணிட்டேன். "இனிமே நீ ஊட்ட வேண்டாம், குளிப்பாட்டி விட்டுட்டுப் போ, மூணு வேளையும் நான் பாத்துக்கிடுதேன்"ன்னு சொல்லிட்டேன். "அம்மா மெலிஞ்சுட்டாங்க ஐயா"ன்னா. "அது எனக்குத் தெரியும்"னேன்.

ஒரு மாசத்துல நாலு கிலோ குறைஞ்சா. நான்தான் எடை மெஷின்ல தூக்கி நிறுத்தி எழுதி வச்சேன். எழுதி வச்சுட்டு, அதே கையால போயி ஊட்டுனேன்.

போன மாசம் எங்களுக்கு முப்பத்தஞ்சாவது கல்யாண நாள். சாயங்காலம் வீட்டுலயே ஜெபக்கூட்டம் வச்சேன். பாஸ்டர் ஐயா, கொயர்க்காரங்க, பியூலாவோட வேலை பாத்த சிஸ்டர்மாரு, நாப்பது பேரு இருக்கும். இந்த ஹால்லதான். அவளுக்கு வெளிர் நீலச் சேலை கட்டி, சக்கர நாற்காலியில உக்கார வச்சு, இந்தா, நீங்க இருக்க எடத்துலதான் நிறுத்துனோம். ஜெபம் முடிஞ்ச உடனே நான் கிட்டார எடுத்தேன். சொல்ல வெக்கமா இருக்கு, ஆனா சொல்லுதேன். ஜெபம் எப்ப முடியும்னு காத்துக்கிட்டு இருந்தேன் டீச்சர். ஜெபத்துல என் மனசு இல்ல, பெருவிரல் தாளத்துலதான் இருந்துச்சு.

வாசிச்சேன். ஒரு தப்பு விழல. கை தட்டுனாவ. ஒருத்தர் வீடியோ எடுத்தாரு. பியூலா கைய நீட்டி என் விரலப் பிடிச்சா. நான் எல்லாரையும் பாத்து, "பாத்தியளா, இன்னொரு தடவை கேக்கா!"ன்னேன். எல்லாரும், "ஆகா, எத்தனை பாசம்"னாவ. சாந்தா சிஸ்டர் மட்டும் கை தட்டல. அவிய பியூலா மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாவ. நான் இன்னொரு தடவை வாசிச்சேன். முதல் தடவையவிட நல்லாவே வாசிச்சேன்.

பொறவு கேக் வெட்டி, வழக்கப்படி நான் ஒரு துண்டு எடுத்து அவ வாய்ட்ட கொண்டு போனேன். வெள்ளை கிரீம் போட்ட கேக். வாயத் திறக்கல. எல்லாரும் பாக்காவ. "திற பியூலா"ன்னேன். பல்லக் கடிச்சுக்கிட்டா. வீடியோக்காரரு போனத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்காரு. எனக்கு மானம் போவுது. கொஞ்சம் அழுத்தித் தள்ளுனேன் டீச்சர். உள்ள தள்ளுனேன்.

அவ தொண்டையில இருந்து ஒரு சத்தம் வந்துச்சு. ஒரு வருஷத்துக்கு மேல சத்தமே இல்லாத தொண்டை. கைய எடுத்தேன். வெள்ளை கிரீம்ல சிவப்பாக் கோடு. யாரோ பின்னால இருந்து, "ஜாமா?"ன்னு கேட்டாவ.

சாந்தா சிஸ்டர் எந்திரிச்சு வந்து, என் சட்டைப்பையில இருந்த போனை எடுத்து டார்ச்சப் போட்டாவ. பியூலா கன்னத்தத் தடவி, "எனக்குக் காட்டு பியூ"ன்னாவ. உடனே திறந்தா. அவியளுக்குத் திறந்தா. சிஸ்டர் உள்ள பாத்தாவ. உதட்டுக்குள் பக்கம், ஈறு, நாக்கு, இடது கன்னத்துச் சதை. கீறல் கீறலா. பழசு ஆறி, அது மேல புதுசு. டார்ச்ச அணைச்சாவ. பொறவு என் வலது கையத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சு நகத்தப் பாத்தாவ. "அண்ணே, இந்தக் கையாலயா ஊட்டுதிய?"ன்னு மெதுவாத்தான் கேட்டாவ. ஆனா நாப்பது பேருக்கும் கேட்டுச்சு.

பாஸ்டர் ஐயா தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. ஒருத்தர் கேக் தட்டக் கீழ வச்சாரு. அதப் பாத்து எல்லாரும் வச்சாவ. கால் மணி நேரத்துல வீடு காலி. பிரியாணி பூரா அப்படியே கிடந்துச்சு.

அன்னைக்கே வெட்டிட்டேன். மூணு விரல்லயும் ஒட்ட வெட்டி, சதை தெரியத் தேய்ச்சேன். மாரிக்கனியக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவ, "என்ன ஐயா நீங்க"ன்னுட்டு ஸ்பூனக் கழுவப் போயிட்டா. புண்ணு பத்து நாள்ல ஆறிச்சு. எடையும் ஒண்ணரைக் கிலோ ஏறியிருக்கு.

இடது கையப் பாருங்க டீச்சர். நகமே கிடையாது. இதால ஊட்டியிருந்தா அவளுக்கு ஒரு கீறல் விழுந்திருக்காது. ஆனா இடது கையால எவனாச்சும் ஊட்டுவானா? அந்த மரியாதையெல்லாம் எனக்கு நல்லாத் தெரியும்.

பத்து நாளைக்குப் பொறவு ஒரு நாள் ஆசைக்கு, தெருப் பக்கம் உக்காந்து, சன்னமா ரெண்டு கம்பியத் தட்டுனேன். உள்ள மாரிக்கனி ஊட்டிக்கிட்டு இருந்தா. "ஐயா, அம்மா வாய மூடிட்டாங்க"ன்னு சத்தம் போட்டா. நான்தானே பழக்குனேன், பாட்டு, உடனே சோறுன்னு. பாட்டு வந்தா நகம் வரும்னு அவ படிச்சு வச்சிருக்கா. அன்னைக்கே சபை குரூப்ல போட்டுட்டேன், கிட்டார் இருக்கு, வேணுங்கிறவங்க எடுத்துக்கிடலாம்னு. நீங்கதான் முதல்ல கேட்டிய.

என்ன மாரிக்கனி? ஆங், பிசைஞ்சுட்டியா? வாரேன், வாரேன். டீச்சர் கெளம்பிட்டாவ.

ஒரு மணி ஆச்சுன்னா நான் தட்டோட உள்ள போவேன் டீச்சர். தினமும். ஒரே ஒரு உருண்டை, என் கையால. இன்னைக்கு இருபத்திமூணாவது நாள். அவ என் கையப் பிடிப்பா, ஒவ்வொரு விரலாத் தடவிப் பாப்பா. மோதிர விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல். கடைசி வரைக்கும் பாத்துட்டு, கையத் தள்ளி விட்டுருவா. வாயத் திறக்க மாட்டா. மாரிக்கனி ஸ்பூன எடுத்தா திறப்பா. நகந்தான் வெட்டியாச்சே, இன்னும் என்ன பியூலான்னு கேட்டுப் பாத்துட்டேன். காலப் பிடிச்சும் கேட்டாச்சு. என்னை மன்னிக்கல அவ. மனசு அவ்வளவு கல்லாப் போச்சு. ஒரு மனுசன் எத்தனை தடவைதான் கேப்பான், சொல்லுங்க?

போறதுக்கு முன்னால ஒரு உதவி. என் கையச் செத்தப் பாத்துச் சொல்லுங்க. வாரவங்க எல்லார்ட்டயும் காட்டுதேன், மோர்க்காரம்மாட்டகூடி காட்டுனேன். உங்களுக்கு நல்ல கண்ணு. எங்கயாச்சும் ஓரம் கூர்மையா இருக்கா? தொட்டுப் பாருங்க, பரவால்ல. இது சரி. இது சரி. இதும் சரி.

என்ன பாக்கிய?

அது பெருவிரல் டீச்சர். அதுல கொஞ்சமா விட்டு வச்சிருக்கேன். ரெண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். டும் டும்னு நடக்கது அதுதானே, அது போச்சுன்னா திரும்ப வளக்க ஒரு மாசம் ஆவும். இல்ல, கிட்டார உங்களுக்குக் குடுத்தாச்சு, அதுல மாத்தம் இல்ல. ஷைனி, கொஞ்ச நாள் போகட்டும்பா, புதுசு ஒண்ணு வாங்கித் தாரேன்னு சொன்னா. சத்தம் வெளிய வராம காதுல மட்டும் கேக்கிற மாதிரி ஒண்ணு இருக்காம். அதுக்காக விட்டு வச்சேன். இது வாய்ல படாது டீச்சர். சோறு இருக்கது இந்த மூணு விரல் மேலதான். இந்தா பாருங்க, இப்படி அள்ளி, இப்படி வாய்ட்ட கொண்டு போயி, பெருவிரலால இப்படி உள்ள…

உள்ள…

மூணு விரலும் உதட்டோட நின்னுருது.

உள்ள போவது இதுதான்.

இருபத்திமூணு நாளா, டீச்சர். கடைசி வரைக்கும் தடவிப் பாக்கான்னு சொன்னேன்லா, கடைசியா அவ தொட்டது இதத்தான். இதத் தொட்டுட்டுத்தான் கையத் தள்ளி விட்டா, ஒவ்வொரு நாளும். நான் அவ மனசு கல்லுன்னு உங்ககிட்டச் சொல்லிக்கிட்டு இருக்கேன். கட்டிலோட கிடக்கிறவளப் பத்தி, முன்னப்பின்ன தெரியாத உங்ககிட்ட.

என் மூஞ்சியப் பாக்காதிய டீச்சர்.

மாரிக்கனி, நகவெட்டி எங்க? அந்த ஸ்கேல் டப்பாவுக்குள்ள பாரு. கொண்டா. இல்ல, நானே வெட்டுதேன். இந்தா. போச்சு. இன்னும் கொஞ்சம். சதை தெரியட்டும். உப்புத்தாளக் குடு. நீங்க தொட்டுப் பாருங்க டீச்சர். நல்லாத் தொடுங்க. சரியா இருக்கா? நெசமாவே சரியா இருக்கா?

ஒரு அஞ்சு நிமிசம் இருங்க. தயவுசெஞ்சு போயிராதிய, இங்கயே இருங்க. கதவு திறந்துதான் கெடக்கும்.

பியூலா. இந்தா, கை. பாரு. ஆமா, மோதிர விரல். ஆமா, இது நடுவிரல். அதும் வெட்டியாச்சு. ம். இதும்தான். இன்னைக்குத்தான் வெட்டுனேன், இப்பத்தான். நல்லா அமுக்கிப் பாரு. ஒண்ணும் இல்ல பாத்தியா. இல்ல, அழாத. நான் அழல. நீ பாரு. எத்தனை தடவை வேணும்னாலும் பாரு.

டீச்சர்.

வாங்கிட்டா. ஒரு உருண்டை. வாயில வச்சிருக்கா, இன்னும் மென்னுக்கிட்டு இருக்கா. திறந்தா, நான் உள்ள வச்சேன், அம்புட்டுத்தான். அவ என்னையவே பாத்துக்கிட்டு இருக்கா, எனக்குத்தான் அவ மூஞ்சிய நிமிந்து பாக்க முடியல. அதான் தண்ணி எடுக்கணும்னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன்.

தண்ணி உள்ளயே இருக்கு. போறேன். இன்னொரு உருண்டை கேட்டாலும் கேப்பா.

நீங்க கிட்டார எடுத்துக்கிட்டு மெதுவாப் போங்க. ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிடுங்க. நடையில ரெண்டு படி இருக்கு, அதுல தட்டிராம பாத்து இறங்குங்க டீச்சர். கம்பி சத்தம் வந்துரக்கூடாது.